தாளும் மின்தாளும்

நுழையும்முன்

ஓலையில் கீறிய எழுத்து தாளுக்கு வந்தது. தாளில் பதிந்த எழுத்து இன்று திரைக்கும் வந்திருக்கிறது. ஒரு நூலை அச்சில் வாங்குவதா, மின்னூலாகப் பெறுவதா என்னும் வினா பெரும்பாலும் விலையைப் பற்றியதாகவே பேசப்படுகிறது. படித்தது மனத்தில் தங்குமா, வாங்கியது கையில் தங்குமா என்னும் இரு வினாக்களும் அதனுள் அடங்கியுள்ளன. அவற்றை ஆராய்கிறது இப்பாடம்.

2007ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமேசான் நிறுவனம் கிண்டில் என்னும் வாசிப்புக் கருவியை 399 டாலர் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதலில் வந்த கருவிகள் ஆறு மணி நேரத்திற்குள் விற்றுத் தீர்ந்தன. அச்சு நூலின் காலம் முடிந்துவிட்டது என்று அப்போது எழுதியவர் பலர். அது முடியவில்லை. தைத் திங்களையொட்டிச் சென்னைப் புத்தகக் காட்சியில் ஆண்டுதோறும் திரளும் கூட்டமே அதற்குச் சான்று. மின்னூலும் மறைந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டின் இறுதியில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் ஐந்தின் நூல்கள் அக்கருவிக்கு வந்து சேர்ந்தன. ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும் என்னும் பேச்சு ஓய்ந்த நிலையில், எந்த நூலுக்கு எந்த வடிவம் என்று தேர்வது வாசகரின் பொறுப்பாகிவிட்டது.

மின்னணு மை

திரை என்னும் ஒரே சொல்லால் இருவேறு பொருள்களைக் குறிப்பதால் இவ்விவாதத்தில் குழப்பம் நேர்கிறது. கைப்பேசியின் திரை தானே ஒளியை உமிழ்கிறது. வாசிப்புக் கருவியின் திரை அத்தகையதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1990களில் உருவான மின்னணு மையால் அமைந்தது அது. மயிரிழையின் தடிமனே உள்ள நுண்குமிழ்கள் இலட்சக்கணக்கில் அத்திரையில் பரவியுள்ளன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் தெளிந்த நீர்மத்தில் வெண்துகள்களும் கருந்துகள்களும் மிதக்கின்றன. அவை எதிரெதிர் மின்னூட்டம் கொண்டவை. மின்புலத்தின் திசைக்கேற்ப வெண்துகள்கள் மேலெழுந்தால் அவ்விடம் வெண்மையாகும். கருந்துகள்கள் மேலெழுந்தால் கருமையாகும். எழுத்து ஒருமுறை உருவானபின் அதனைத் தாங்கி நிற்க மின்சாரம் வேண்டுவதில்லை. பக்கம் மாறும்போது மட்டும் வேண்டும். அதனால்தான் ஒருமுறை மின்னேற்றிய கருவி பல நாள்கள் உழைக்கிறது. தாளைப் போலவே வெளியிலிருந்து படும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், நண்பகல் வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரிகிறது.

2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில் பன்னிருவர் உறங்குவதற்கு முன் சில இரவுகள் பலகைக் கணினியிலும், சில இரவுகள் அச்சு நூலிலும் படித்தனர். பலகைக் கணினியில் படித்த இரவுகளில் உறக்கம் வருவதற்கு ஏறத்தாழப் பத்து நிமிடம் கூடுதலாயிற்று; உறக்கத்திற்குத் துணைசெய்யும் மெலடோனின் என்னும் சுரப்பும் குறைந்தது. வாசிப்புக் கருவிக்கு எதிராக இவ்வாய்வை எடுத்துக்காட்டுவோர் உளர். ஆய்வு செய்யப்பட்டதோ ஒளியுமிழும் திரை. அதன் முடிவை மின்னணு மைத் திரையின்மேல் அப்படியே ஏற்றிச் சொல்வது பொருந்தாது. கைப்பேசியில் கதை படிப்பவரின் கவனத்தைக் குலைப்பது ஒளி மட்டுமா, இடையிடையே வந்து அழைக்கும் செய்திகளா என்பது வேறு வழக்கு.

நினைவில் நூல் தங்கும் விதம்

படிப்பவரின் மனத்தில் வடிவம் ஏதேனும் வேறுபாட்டை உண்டாக்குகிறதா? நார்வே நாட்டு ஆய்வாளர் ஆன் மாங்கெனும் அவருடைய குழுவினரும் இதனைச் சோதித்து 2019ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். ஐம்பது பேருக்கு இருபத்தெட்டுப் பக்கங்கள் கொண்ட மர்மக் கதை ஒன்று கொடுக்கப்பட்டது. பாதிப்பேர் அச்சிலும் பாதிப்பேர் கிண்டிலிலும் படித்தனர். பெரும்பாலான வினாக்களுக்கு இரு சாராரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே விடையளித்தனர். எந்த நிகழ்ச்சிக்குப்பின் எந்த நிகழ்ச்சி என்று வரிசைப்படுத்தச் சொன்னபோது மட்டும் அச்சில் படித்தவர் முந்தினர்.

இதற்கு ஆய்வாளர் கூறும் விளக்கம் எளியது. அச்சு நூலைப் படிப்பவரின் இடக்கையில் படித்து முடித்த பக்கங்கள் கனத்துக்கொண்டே வருகின்றன. வலக்கையில் எஞ்சிய பக்கங்கள் மெலிகின்றன. கதையில் எவ்வளவு தொலைவு வந்தோம் என்பதைக் கை அறிகிறது. தேர்வறையில் விடை முழுவதும் நினைவுக்கு வராத மாணவருக்கு, "அது இடப்பக்கத்தின் அடியில், படத்துக்கு மேலே இருந்தது" என்பது மட்டும் நினைவுக்கு வருவதுண்டு. அந்த இடத்தைப் பற்றிக்கொண்டு விடையையும் இழுத்துவிடுவோர் பலர். வாசிப்புக் கருவியில் எழுத்தின் அளவை மாற்றினால் வரியின் இடமும் பக்கத்தின் இடமும் மாறிவிடுகின்றன; பற்றிக்கொள்ள அங்கே மூலை இல்லை.

2000 முதல் 2017 வரை நடந்த ஐம்பத்து நான்கு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஆய்வு 2018ஆம் ஆண்டு வெளிவந்தது. அவற்றில் பங்கேற்றோர் 1,70,000 பேருக்கும் மேற்பட்டோர். செய்திகளை விளக்கும் உரைகளைத் தாளில் படித்தோரின் புரிதல், திரையில் படித்தோரின் புரிதலைவிடச் சற்று மேலாக இருந்தது. குறித்த நேரத்திற்குள் படிக்க வேண்டிய நெருக்கடி இருந்தபோது இவ்வேறுபாடு பெருகியது. கதைகளைப் படித்தபோது அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களையும் பயணத்தின்போது ஒரு சிறு கருவியில் படித்து முடிப்பவர் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. மறுநாள் தேர்வுக்கு வேதியியல் பாடத்தைக் கற்பவருக்குத் தாளே துணை. 2023ஆம் ஆண்டு சுவீடன் அரசு பள்ளிகளில் அச்சுப் பாடநூல்களை மீண்டும் பெருக்குவதற்கெனப் பெருந்தொகை ஒதுக்கியது இங்கு எண்ணத்தக்கது. கல்வியில் கணினிமயத்தை விரைந்து ஏற்ற நாடுகளுள் அதுவும் ஒன்று.

தேடலும் தமிழும்

தேடுவதில் மின்னூலின் வலிமை வெளிப்படையானது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட கம்பராமாயணத்தில் ஒரு சொல் எங்கெல்லாம் வருகிறது என்பதை அச்சு நூலில் காண, பாட்டு முதற்குறிப்பும் அருஞ்சொல் அகராதியும் வேண்டும். நாள்கணக்கில் பொறுமையும் வேண்டும். மின்னூலில் அது நொடிப்பொழுதில் முடிகிறது.

தமிழின் இயல்பு இங்கு ஒரு தடையை வைத்திருக்கிறது. கருவி தேடுவது எழுத்துகளின் வரிசையைத்தான்; புணர்ச்சி விதிகளை அது அறியாது. "நூல்" என்று தேடினால் "மின்னூல்" அகப்படாது. "பொன்" என்று தேடினால் "பொற்குடம்" நழுவிவிடும். செய்யுளிலோ சீர் பிரிப்பால் ஒரே சொல் இரண்டாக உடைந்து நிற்கும். உடைந்த சொல்லும் கருவியின் கண்ணுக்குத் தப்பும். தேடி இல்லையென்று வந்தால் அச்சொல் அந்நூலில் இல்லை என்று முடிவுகட்டுவது பிழையாகும். இலக்கணம் அறிந்தவர் "பொற்" என்றும் தேடிப் பார்ப்பார். எழுத்ததிகாரம் மனப்பாடத்திற்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர் இதனை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

யாருடைய நூல்?

வடிவத்தைத் தேர்வோர் குறைவாக எண்ணிப் பார்ப்பது உடைமையைப் பற்றித்தான். 2009ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஜார்ஜ் ஆர்வெல்லின் "1984", "விலங்குப் பண்ணை" ஆகிய நாவல்களை விலை கொடுத்து வாங்கிய கிண்டில் வாசகர் சிலர், அந்நூல்கள் தம் கருவியிலிருந்து மறைந்திருப்பதைக் கண்டனர். அப்பதிப்புகளை விற்றவருக்கு உரிமை இல்லை எனத் தெரியவந்ததால் அமேசான் நிறுவனம் அவற்றைத் தொலைவிலிருந்தே நீக்கியிருந்தது. பணத்தையும் திருப்பித் தந்தது. பள்ளிப் பாடத்திற்காக ஒரு மாணவர் அந்நூலில் எழுதி வைத்திருந்த குறிப்புகளோ, எந்த வரிக்கு எழுதியவை என்று அறிய முடியாமல் பயனற்றுப் போயின. வழக்கும் தொடரப்பட்டது. நிறுவனத்தின் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஆவணங்களை அரசே அழித்துத் திருத்தும் ஓர் உலகைப் புனைந்த நாவலுக்கு இது நேர்ந்தது. 2019ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் மின்னூல் கடையை மூடியபோதும், வாங்கிய நூல்கள் திறக்கவில்லை. பணம் மட்டும் திரும்பி வந்தது.

அச்சு நூலை வாங்கியவர் அதனை நண்பருக்கு இரவல் தரலாம். பழைய புத்தகக் கடைக்கு விற்கலாம். பன்னிரண்டாம் வகுப்புக்குச் செல்லும்போது பதினொன்றாம் வகுப்பு நூல்களைத் தெருவில் உள்ள தம்பி தங்கைக்குக் கொடுத்துச் செல்லலாம். பூட்டிய மின்னூலை வாங்கியவருக்கு இவற்றுள் எதுவும் எளிதன்று. அவர் பெற்றது படிக்கும் இசைவு. அந்த இசைவுக்கு நிபந்தனைகள் உண்டு.

இதனால் தாளே பாதுகாப்பானது என்று முடிவு செய்ய 1981ஆம் ஆண்டு இடங்கொடுக்கவில்லை. அவ்வாண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாதவையும் அவற்றுள் இருந்தன. 2005ஆம் ஆண்டு தொடங்கிய "நூலகம்" என்னும் இணைய நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி எவரும் எங்கிருந்தும் படிக்கத் தருகிறது. பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இலவசமாக வழங்கும் மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கியது. அங்குக் கிடைக்கும் கோப்புகளுக்குப் பூட்டு இல்லை. எத்தனை படி வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரு படியை நீக்க எவராலும் முடியலாம்; உலகெங்கும் சிதறிக் கிடக்கும் எல்லாப் படிகளையும் நீக்குவது அரிது. தாளா, திரையா என்பதைவிடப் பூட்டியதா, பூட்டாததா என்பதே கூர்மையான வினா.

பூட்டாத கோப்புக்கும் அழிவு உண்டு. ஒருங்குறி பரவுவதற்குமுன் தமிழ்க் கணினிகளில் வெவ்வேறு எழுத்துருக் குறியாக்கங்கள் வழங்கின. அன்று சேமித்த கோப்பை இன்று திறந்தால் பொருளற்ற குறிகள் வரிசையாக நிற்கும். குறியாக்கம் மாற்றும் நிரல் இருந்தாலன்றி அது தமிழாகாது. 2010ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றபின் இவ்விடர் பெரிதும் குறைந்தது. ஓலை செல்லரிக்குமுன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதிய மரபினர் நம் முன்னோர். மின்கோப்பும் அவ்வாறே காலந்தோறும் பெயர்த்தெழுதப்பட வேண்டியதாக இருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

தமிழ்மொழி முதன்முதலில் அச்சேறியது 1554ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில். அந்நூல் ரோமன் எழுத்தில் அமைந்தது. தமிழ் எழுத்திலேயே அச்சான "தம்பிரான் வணக்கம்" 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளிவந்தது. அது பதினாறு பக்கங்கள் கொண்ட சிறு நூல்.

எழுத்தைப் பெரிதாக்கல்

தேர்வுக்கே இடமில்லாத வாசகரும் உளர். பார்வை மங்கிய முதியவருக்கு அச்சு நூலின் பொடி எழுத்து எட்டாது. வாசிப்புக் கருவியில் அதே நூலின் எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொள்ளலாம். பார்வையற்ற மாணவர் கணினிக் குரலின் வழியே நூலைக் கேட்கலாம். இத்தகையோருக்கு ஏற்ற வடிவில் நூல்களை ஆக்குவதற்குக் காப்புரிமை தடையாகாதவாறு 2013ஆம் ஆண்டு மராகேஷ் உடன்படிக்கை உருவாயிற்று. 2014ஆம் ஆண்டு அதற்கு முதலில் ஒப்புதல் அளித்த நாடு இந்தியா.

ஆயினும் மின்வடிவில் உள்ளவை எல்லாம் இவ்வாறு பயன்படுவதில்லை. பழைய தமிழ் நூல்கள் பலவும் பக்கங்களின் ஒளிப்படங்களாகவே சேமிக்கப்பட்டுள்ளன. படத்தில் உள்ள எழுத்தைக் கணினிக் குரல் படிக்காது. பெரிதாக்கினால் வரி திரையைத் தாண்டி ஓடும்; ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் நகர்த்த வேண்டும். அரசுப் பாடநூலின் மின்படியையும் ஆறு அங்குலக் கருவியில் திறந்து பார்த்தால் இத்தொல்லை விளங்கும். வண்ண நிலப்படங்கள் கருப்பு வெள்ளையில் ஒன்றோடொன்று கலந்துவிடும். அட்டவணைகள் கூழாங்கல் அளவுக்குச் சுருங்கும். பாடநூலுக்கு அச்சுப்படியே போதும். அதன் மூலையில் அச்சிட்ட விரைவுக் குறியீடு, வேண்டும்போது காணொலிக்கு வழிகாட்டும்.

கருவி வாங்கும் எண்ணமுடைய குடும்பம் முதலில் கணக்கிட வேண்டியது, படிக்க விரும்பும் நூல்களுள் எத்தனை இலவசமாகவே கிடைக்கின்றன என்பதை. சங்க இலக்கியம் முதல் பாரதியார், பாரதிதாசன் படைப்புகள் வரை மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் உள்ளன. அவற்றை விரும்பிப் படிப்பவருக்குச் சில ஆண்டுகளில் கருவியின் விலை ஈடாகிவிடும். ஆண்டுக்கு நான்கு புதிய நூல்கள் மட்டும் வாங்குபவருக்கு அந்தப் பணத்தை நூல்களுக்கே செலவிடுவது தகும். கிளை நூலகத்தில் உறுப்பினரானால் அதுவும் மிஞ்சும். வாங்குவதாக முடிவு செய்தால், வேறிடத்திலிருந்து பெற்ற பூட்டாத கோப்புகளைக் கருவி ஏற்கிறதா என்று கேட்டறிய வேண்டும். பிறகு கடையிலேயே தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து பார்க்கலாம். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு முன்னே நிற்காமல் பின்னே போய், இடையில் புள்ளி வட்டம் ஒன்றும் தோன்றினால், அக்கருவி தமிழை இன்னும் கற்கவில்லை என்று பொருள்.