மீன்களுக்குக் கிடைத்த முதல் ஆசீர்வாதம்



வேதாகமத்தில் வரும் முதல் ஆசீர்வாதம் மனிதனுக்கு அருளப்பட்டதல்ல. ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தில், ஐந்தாம் நாளிலே, நீர்வாழ் உயிர்களும் பறவைகளுமே முதலில் ஆசீர்வதிக்கப்பட்டன. அது சந்ததி பெருகும்படியான ஆசீர்வாதம். இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மீன்குஞ்சு பிழைத்தால்தான் வலைக்கு வேலை.

இந்தச் சந்ததியை நம்முடைய மருந்துகள் பாதிக்கக்கூடும் என்று இப்போது அறிகிறோம். நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக்குகள் பலவற்றில் பெரும்பகுதி மாறாமலே சிறுநீரில் வெளியேறுகிறது. சாக்கடை, வீசியெறியும் மாத்திரை, பண்ணைத் தீவனம், ஆலைக்கழிவு ஆகியவற்றின் வழியாக அவை நீரைச் சேர்கின்றன. ஐதராபாத் அருகே படான்செருவில், சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளிவிட்ட நீரிலேயே, லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளோக்சசின் இருந்ததாக 2007-ல் ஓர் ஆய்வு வெளியானது. அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில்கூட அவ்வளவு இராது.

அத்தனை ஆலைகள் நம் கரையில் இல்லை. ஆனால் சிறிதளவு மருந்தும் கவலைக்குரியதே. நம் நாட்டு ஆறுகளில் வாழும் ஜீப்ரா மீன்களை டெட்ராசைக்ளின், சல்ஃபா வகை மருந்துகள் கலந்த நீரில் வைத்து ஆராய்ந்தபோது, அவற்றின் குஞ்சுகளிலும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தது. தாய் தந்தை வாழ்ந்த நீர் பிள்ளைகளைப் பலவீனப்படுத்தியது.

இது மீனோடு நிற்பதில்லை. அப்படிப்பட்ட நீரில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. அவை மனிதரைத் தொற்றினால், உங்கள் காணிக்கையால் வாங்கிய மருந்தும் பலனற்றுப்போகும். பச்சிளங்குழந்தைகளே அதில் அதிகம் துன்பப்படுவார்கள்.

ஆகவே நாம் செய்யவேண்டியவை:

1. சாதாரண சளிக்கு ஆன்டிபயாடிக் உதவாது. மருத்துவரின் சீட்டில்லாமல் அதை வாங்காதிருப்போம்.

2. கொடுத்த மருந்தை மருத்துவர் சொன்ன நாள்வரை சாப்பிடுவோம்.

3. மீந்த மாத்திரைகளைக் கழிப்பறையிலோ கடலிலோ போடாமல், நம் மருத்துவமனை மருந்தகத்தில் கொடுப்போம். அவை மருத்துவக் கழிவோடு முறைப்படி எரிக்கப்படும்.

4. இறால் பண்ணை வைத்திருக்கும் சபையார், தடைசெய்யப்பட்ட குளோராம்பெனிகால், நைட்ரோஃபுரான் வகை மருந்துகளை அறவே விலக்குவார்களாக.

மருந்து தேவன் தந்த ஈவு. அதை வீணாக்காமல் பயன்படுத்துவதும் உக்கிராணத்துவமே. நம் கடலோரக் குடும்பங்களையும், அவர்களைப் பிழைப்பிக்கும் கடலையும் உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.