யோயோவின் உயிர் கயிற்று நுனியில்

கார்த்திகை தீபத் திருவிழா நாட்களில் திருவண்ணாமலைத் தேரடி வீதியில் நடந்தால், ஊதலுக்கும் பலூனுக்கும் நடுவே யோயோவும் தொங்கும். போன தீபத்துக்கு என் தங்கை மகனுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கீழே விட்டான், உடனே கைக்கு ஏறி வந்துவிட்டது. பத்து முறை விட்டுப் பார்த்தான். “வீடியோவுல கீழயே நின்னு சுத்துது மாமா, எனக்கு மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குது?” என்றான். “கை பழகணும்டா” என்றார் அவன் அப்பா.

பெரும்பாலான வீடுகளில் இதைத்தான் சொல்கிறோம். இது தவறு. அந்த யோயோவில் கயிற்றை அச்சோடு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்கள். கயிறு முழுக்க இறங்கிய பிறகும் தட்டுகள் சுழன்றுகொண்டிருக்கும். முடிச்சு நழுவாது என்பதால் அந்தச் சுழற்சி கயிற்றைத் திரும்பச் சுற்றியே தீரும். எத்தனை வருடம் பழகினாலும் அது கீழே நிற்காது. கயிற்றை அச்சில் கட்டாமல், ஒரு வளையமாக மாட்டிவிட்டால் கதையே வேறு. வளையத்துக்குள் அச்சு வழுக்கிச் சுழலும். லேசாகச் சுண்டினால் கயிறு ஒரு கணம் தளர்ந்து அச்சைப் பற்றிக்கொள்ளும், யோயோ மேலே ஏறும். ஒரே இடத்தில் அசையாமல் சுற்றும் பம்பரத்தை ‘உறங்குது’ என்கிறோமே, யோயோக்காரர்களும் இந்த நிலையை உறக்கம் என்றுதான் சொல்கிறார்கள்.

யோயோவின் வரலாற்றில் ஆகப் பெரிய வடிவமைப்பு எது என்று என்னைக் கேட்டால் இந்த வளையத்தைத்தான் சொல்வேன். தட்டு மரமா, பிளாஸ்டிக்கா, அலுமினியமா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

“அமெரிக்காவின் டங்கன் கண்டுபிடித்தது” என்ற பேச்சும் பரவலாக இருக்கிறது. டொனால்ட் டங்கன் நல்ல வியாபாரி. யோயோவை அமெரிக்காவின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோனவர். ஆனால் அவருக்கு முன்பே, 1928-ல், கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் யோயோ செய்து விற்கத் தொடங்கியவர் பெட்ரோ ஃபுளோரஸ். பிலிப்பைன்ஸிலிருந்து போனவர். அவருடைய ஊர்ப் பிள்ளைகள் ஆடிய யோயோவில் கயிறு வளையமாகத்தான் மாட்டியிருந்தது. நான் கண்டுபிடித்தேன் என்று ஃபுளோரஸ் உரிமை கொண்டாடவில்லை. பிறகு அவருடைய தொழிலை டங்கன் வாங்கினார், பெயரும் டங்கனோடு ஒட்டிக்கொண்டது. ‘யோயோ’ என்பது பொதுச்சொல், யாருக்கும் தனிச்சொத்து அல்ல என்று அமெரிக்க நீதிமன்றம் 1965-ல் தீர்ப்பளித்தது. ஃபுளோரஸின் பெயர் இன்றைக்கும் அதிகம் சொல்லப்படாதது எனக்கு வருத்தம்தான்.

பிலிப்பைன்ஸ் வேட்டைக்காரர்கள் மரத்தின் மேலிருந்து எறிந்த ஆயுதம்தான் யோயோவாக மாறியது என்ற கதைக்கு ஆதாரம் கிடையாது. எறிந்து எதையாவது அடித்தால் சுழற்சி அங்கேயே நின்றுவிடும். பிறகு எப்படித் திரும்பி வரும்?

“நம் நாட்டுக்குப் புதுசு” என்பதும் சரியில்லை. 1770 வாக்கில் வரைந்த ராஜஸ்தானி சிற்றோவியம் ஒன்றில் ஒரு பெண் யோயோ ஆடுகிறாள். வடக்கே அதற்குச் சக்ரி என்று பெயர். இன்னும் பின்னால் போனால், கி.மு. 440 வாக்கில் செய்த கிரேக்கக் கிண்ணத்தில் ஒரு சிறுவன் யோயோவோடு நிற்கிறான். அந்தக் கிண்ணம் இப்போது பெர்லினில் இருக்கிறது.

எடை கூடினால் நன்றாகச் சுற்றும் என்று நம்பிக் கனமானதைத் தேடுகிறவர்களும் உண்டு. எடை எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பது முக்கியம். விளிம்பில் இருந்தால் சுழற்சி நீடிக்கும். அடுத்த பெரிய தாவல் அச்சில் நடந்தது. சான் பிரான்சிஸ்கோவில் பல் மருத்துவராக இருந்த டாம் கூன் 1990-ல் பால் பேரிங் வைத்த யோயோவைக் கொண்டுவந்தார். உரசல் குறைந்தது, உறக்கம் நீண்டது, கயிற்றில் கோலம் போடுவதுபோன்ற வித்தைகளுக்கு நேரம் கிடைத்தது. 1999-ல் ஸ்டீவ் பிரவுன் என்ற யோயோக்காரர் கயிற்றின் மறுநுனியை விரலிலிருந்தும் கழற்றி, அங்கே ஒரு சின்ன எடையைக் கட்டினார். கூர்ந்து பார்த்தால் இங்கேயும் மாறியது கயிற்றின் நுனிதான்.

வீட்டுக்கு வந்ததும் மருமகனின் யோயோவில் இருந்த முடிச்சை பிளேடால் அறுத்தேன். பருத்தி நூலை இரண்டாக மடித்து முறுக்கி, மடிப்பு முனையைக் கொஞ்சம் பிரித்து, ஒரு தட்டின் மேலாக நுழைத்து அச்சில் மாட்டினேன். யோயோவைத் தரையில் வைத்து, கயிற்றை அவன் தொப்புள் உயரத்துக்கு வெட்டி, விரலுக்கு ஒரு சுருக்குப் போட்டுக் கொடுத்தேன். முதல் மூன்று முறை வேகம் போதவில்லை. நான்காம் முறை, அவன் எட்டு எண்ணி முடிக்கும்வரை கீழேயே உறங்கியது.