தோட்டா மேசை: கரி படியாத பவுடர் எது?

அமெரிக்காவில் சொந்தமாகத் தோட்டா நிரப்பும் நம் வாசகர்களின் கேள்விகளில் இந்த முறை பாதிக்கு மேல் பவுடரைப் பற்றியவை. அவற்றில் சில இங்கே.

9 எம்எம் பிஸ்டலுக்கு யூனிக் பவுடர் போடுகிறேன். நூறு சுற்று சுட்டால் கையெல்லாம் கரி, கேஸின் வெளிப்புறமும் கறுத்துவிடுகிறது. சுத்தமாக எரியும் பவுடர் ஒன்றைச் சொல்லுங்கள்.
— வாசகர், ஹூஸ்டன்

பவுடர் பெயரை எழுதிய நீங்கள் எத்தனை கிரெயின் போடுகிறீர்கள், புல்லட் எடை என்ன என்று எழுதவில்லை. ஆனால் கேஸின் வெளிப்புறம் கறுப்பதாகச் சொன்னீர்களே, அது ஒன்றே போதும். கையேட்டில் உள்ள ஆரம்ப அளவிலேயே நின்றுவிட்டீர்கள்.

புகையில்லாப் பவுடர் முழுதாக எரிய அழுத்தம் வேண்டும். அழுத்தம் ஏறினால்தான் பித்தளைக் கேஸ் விரிந்து சேம்பர் சுவரோடு ஒட்டும். ஒட்டினால் வாயு பின்னால் கசியாது. அழுத்தம் போதாதபோது கேஸ் ஒட்டாது, கரி பின்னால் வந்து கேஸின் வெளிப்புறத்தில் படியும், எரியாத பவுடர்த் துகள்கள் பேரலுக்குள் தங்கும். ஈர விறகு புகைவதைப் போலத்தான். அடுப்பை மாற்றி என்ன பயன்? முதலில் உங்கள் கையேட்டில் அந்தப் புல்லட் எடைக்கு நேரே இருக்கும் ஆரம்ப அளவையும் உச்ச அளவையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே சிறு சிறு படியாக ஏறுங்கள். உச்சத்தைத் தாண்டவே கூடாது. பெரும்பாலான நேரம் நடுவைக் கடந்ததும் கரி குறைந்துவிடும்.

யூனிக் நூறாண்டைக் கடந்த பவுடர். பழைய கலவை அழுக்கு என்று பெயர் வாங்கியிருந்தது. இன்று விற்பதைத் தயாரிப்பாளர்களே சுத்தமாக எரியும்படி மாற்றியிருக்கிறார்கள். அப்படியும் மாற்றியே ஆகவேண்டும் என்றால் பின்லாந்தின் விஹ்தவூரி என்320 போட்டிக்காரர்கள் நீண்ட காலமாக நம்பும் பவுடர். விலை கடிக்கும். பூச்சுப் பூசிய ஈயப் புல்லட் போடுபவர்கள் அலையன்ட் ஸ்போர்ட் பிஸ்டலைப் பார்க்கலாம், அதற்கென்றே வந்தது அது.

வின்செஸ்டர் 231, ஹாட்ஜ்டன் எச்பி-38 இரண்டில் எது சுத்தம்?
— வாசகர், நியூ ஜெர்சி

இரண்டும் ஒரே பவுடர். கடையில் எது மலிவோ அதை வாங்குங்கள்.

.38 ஸ்பெஷல் ரிவால்வருக்கு மென்மையான தோட்டா செய்கிறேன், மனைவி பழகுவதற்காக. டைட்குரூப் மிகச் சுத்தம் என்று கிளப்பில் எல்லோரும் சொல்கிறார்கள். கொஞ்சம் போட்டாலே போதுமாம், செலவும் மிச்சமாம். மாறிவிடலாமா அண்ணா?
— வாசகர், டல்லஸ்

தம்பி, கிளப்பில் சொன்னது அத்தனையும் உண்மை. எனக்குப் பயம் தருவதும் அதே "கொஞ்சம் போட்டாலே போதும்"தான்.

.38 ஸ்பெஷல் கரும்பவுடர் காலத்து அளவில் பிறந்த கேஸ். கரும்பவுடர் கேஸை நிறைக்க வேண்டும், அதனால் கேஸ் நீளம். இன்று அதே கேஸில் நாம் போடும் பவுடர் அடியில் ஒரு மெல்லிய படுகையாகக் கிடக்கிறது. துப்பாக்கியை மேலே தூக்கிச் சுட்டால் பவுடர் பிரைமர் பக்கம் சாயும், கீழே தாழ்த்திச் சுட்டால் புல்லட் பக்கம் சாயும். பல பவுடர்களில் இதனாலேயே வேகம் மாறும். பவுடர் எந்தப் பக்கம் கிடந்தாலும் ஒரே மாதிரி பற்றிக்கொள்ளும்படி செய்ததுதான் டைட்குரூப். அந்த வேலையை அது நன்றாகச் செய்கிறது, சுத்தமாகவும் எரிகிறது. மறுக்கவில்லை.

ஆனால் அது கனமான, வேகமான பவுடர். ஒரு கேஸில் தவறி இரண்டு முறை விழுந்தாலும் வழியாது, புல்லட் தடையில்லாமல் அமரும், வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. .38 ஸ்பெஷலின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. 9 எம்எம் தோட்டாவுக்கு அது 35,000. அந்தத் தாழ்ந்த வரம்புக்காகச் செய்த ரிவால்வரில் இரட்டை அளவு வெடித்தால் சிலிண்டர் பிளக்கும், மேல்பட்டை பறக்கும். அதைப் பிடித்திருப்பது உங்கள் மனைவியின் கை.

கரி படிந்த துப்பாக்கியைத் துடைக்க ஒரு மாலைப் பொழுதின் ஓரம் போதும். பிளந்த சிலிண்டரை எதைக்கொண்டும் துடைக்க முடியாது. ஆகவே புதிதாக நிரப்பப் பழகுபவர்களுக்குச் சுத்தம் எத்தனையாவது தகுதி என்று கேட்டால், நான் அதைப் பட்டியலின் கடைசியில்தான் வைப்பேன். முதல் தகுதி, கேஸில் பருமனாக நின்று கண்ணுக்குத் தெரிவது. செதில் செதிலான யூனிக் இரண்டு முறை விழுந்தால் கேஸின் பெரும்பகுதி நிரம்பி உங்களை முறைக்கும். அழுக்குப் பவுடர் என்று அதை ஒதுக்குபவர்கள் இந்த நன்மையை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

எந்தப் பவுடரானாலும் ஒன்றைச் செய்யுங்கள். ஐம்பது கேஸ்களையும் பலகையில் நிறுத்திப் பவுடர் போட்ட பிறகு, ஒரு புல்லட்டைக்கூட வைக்காமல், டார்ச் அடித்து வரிசை வரிசையாக உள்ளே பாருங்கள். மட்டம் மாறித் தெரியும் எதையும் கவிழ்த்து மறுபடி எடை போடுங்கள். புரோகிரெசிவ் பிரஸ் வைத்திருப்பவர்கள் பவுடர் மட்டம் காட்டும் டை ஒன்றைக் கட்டாயம் பொருத்த வேண்டும். மேசையில் போன் கூடாது, பேச்சுத் துணை கூடாது, ஒரே நேரத்தில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் திறந்திருக்க வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் பிரஸ்ஸில் இருக்கும் கேஸைக் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள். இத்தனையும் பழக்கமான பிறகு டைட்குரூப் வாங்குங்கள். நல்ல பவுடர்தான்.

.357 மேக்னத்துக்கு எச்110 வைத்திருக்கிறேன். உதைப்பு குறைய அளவைக் குறைத்தேன். பேரலில் எரியாத துகள்கள் கிடக்கின்றன.
— வாசகர், அட்லாண்டா

உடனே நிறுத்துங்கள். எச்110 குறைக்கிற பவுடரே அல்ல. கையேட்டில் உள்ளதிலிருந்து நூற்றுக்கு மூன்றுக்கு மேல் குறைக்காதே என்று ஹாட்ஜ்டனே எச்சரிக்கிறது. குறைத்தால் பற்றுவது தாறுமாறாகி, புல்லட் பேரல் நடுவிலேயே சிக்கும். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் பேரல் போய்விடும். செய்து வைத்ததைப் பிரித்துவிடுங்கள். மென்மையான தோட்டா வேண்டுமென்றால் வேகமான பவுடருக்கான கையேட்டுப் பக்கத்தைத் திறங்கள்.

மூன்று பவுடர் மாற்றிப் பார்த்துவிட்டேன், .45 ஏசிபியில் புகை மட்டும் குறையவில்லை. வார்த்த ஈயப் புல்லட்.
— வாசகர், ஃபீனிக்ஸ்

புகைவது புல்லட்டைச் சுற்றியிருக்கும் மெழுகு. பவுடரை விடுங்கள், பூச்சுப் புல்லட்டோ செம்புக் கவசப் புல்லட்டோ ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள்.

சுத்தமான பவுடர் என்றால் உடம்புக்கும் நல்லதுதானே? வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறாள்.
— வாசகி, சான் ஹோசே

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்கிறேன், அம்மா. பலர் கேட்பதே இல்லை.

பவுடர் எவ்வளவு சுத்தமாக எரிந்தாலும் ஈயம் மிஞ்சும். வழக்கமான பிரைமரின் வெடிப்பொருளிலேயே ஈயச் சேர்மம் இருக்கிறது. புல்லட்டின் அடியிலிருந்தும் ஆவியாக வருகிறது. குழந்தைகளின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதிப்பில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கிடையாது. பயப்பட வேண்டாம், ஒழுங்கு இருந்தால் போதும். சுட்ட கேஸை உலர்ந்த தூளில் உருட்டும் டம்ப்ளரிலிருந்துதான் அதிகத் தூசி கிளம்பும். அதை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள், தண்ணீரில் உருட்டும் முறைக்கு மாறுங்கள். சமையலறைச் சல்லடை, கிண்ணம் எதுவும் அந்த மேசைக்குப் போகக் கூடாது. சுட்டுவிட்டு வந்தவர் கைமுகம் சோப்புப் போட்டுக் கழுவி, உடுப்பும் செருப்பும் மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்கட்டும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பிள்ளைக்கும் சுடுபவருக்கும் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அது சாதாரணப் பரிசோதனை.

நீலகிரி ரயிலில் போகும்போது அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலையைப் பார்த்திருக்கிறேன். அங்கே செய்ததும் இதே பவுடர்தானா? ஊருக்கு வரும்போது நானும் கொஞ்சம் நிரப்பலாமா?
— குன்னூர்க்காரர், இப்போது சிகாகோ

தூரத்துச் சொந்தம். நைட்ரோசெல்லுலோஸும் நைட்ரோகிளிசரினும் சேர்ந்த கலவைதான் கார்டைட். புல்ஸ்ஐ, டைட்குரூப் எல்லாம் அந்த இருபொருள் வகையைச் சேர்ந்தவை. பிரிட்டிஷ் ராணுவத்துக்காக நீண்ட இழைகளாகப் பிழியப்பட்டது கார்டைட், பிஸ்டல் பவுடர் பெரும்பாலும் செதிலாகவோ உருண்டையாகவோ வரும். அருவங்காட்டு ஆலை 1903-இல் எழுந்தது.

இரண்டாவது கேள்விக்கு: கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். பவுடரும் பிரைமரும் பெட்டியில் வைத்து விமானம் ஏறும் எண்ணமும் வேண்டாம்.

பழைய சாமான் விற்ற வீட்டில் பாதி டப்பா பவுடர் கிடைத்தது. லேபிள் கிழிந்திருக்கிறது. பார்த்தால் புல்ஸ்ஐ மாதிரி இருக்கிறது. சுத்தமாக எரியுமா?
— வாசகர், டெட்ராய்ட்

பவுடரைக் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்ல யாராலும் முடியாது. மூடியைத் திறக்கும்போது புளித்த அமில வாடை அடித்தாலோ, செந்தூள் பறந்தாலோ அது கெட்டும் போயிருக்கிறது. கெடாவிட்டாலும் போடாதீர்கள். புல்தரையில் மெல்லிசாகத் தூவி நீர் விடுங்கள், அதிலுள்ள நைட்ரஜன் புல்லுக்கு உரமாகும். டப்பாவைக் கழுவிக் குப்பையில் போடுங்கள், வேறு பவுடரை அதில் கொட்டி வைக்காதீர்கள்.