அருமண்ணும் மீகடத்தலும்

"காந்தம் மீகடத்தலைக் கெடுக்குமாமே, அருமண் சேர்மம் மீகடத்தியாவது எங்ஙனம்?" என்று ஸ்ரீராம்புரத்து அறைத் தோழர் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி.

1994இல் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்து நாகராஜன் முதலியோர், இட்ரியம், நிக்கல், போரான், கார்பன் கலந்த பொருள் சுமார் 12 கெல்வினில் மீகடத்தியாவதை வெளியிட்டனர். இட்ரியத்துக்குப் பதில் ஹோல்மியம் இட்டால் 8 கெல்வின். 5 கெல்வினருகே காந்த ஒழுங்கு தோன்றி மீகடத்தலைத் தளர்த்தும்.

பிரசியோடைமியத்தின் வழி வேறு. சுற்றியுள்ள அணுக்களின் மின்புலமாகிய படிகப்புலம் அதன் ஆற்றல் நிலைகளைப் படிகளாகப் பிரிக்கிறது. நியூட்ரான்களை மோதவிட்டு அப்படிகளின் உயரத்தை அளக்கலாம். டைட்டேனியமும் அலுமினியமும் சேர்ந்த சேர்மத்தில் அடிப்படிக்குக் காந்தம் இல்லை. எலெக்ட்ரான் முகிலுக்கு நெல்மணிபோல் நீளவாட்டம் மட்டும் உண்டு. சுமார் 2 கெல்வினில் முகில்கள் ஒரே திசையில் அணிவகுக்கும். இதுவே நான்முனை ஒழுங்கு. 0.2 கெல்வினில் அவ்வொழுங்கினூடே மீகடத்தலும் பிறக்கிறது.

ஆகவே நண்பர்களே, பகை காந்தத்தோடுதான், அருமண்ணோடு அன்று.