பறவாத் தத்துவெட்டிகள்
(மேல் வகுப்பு மாணவர்களுக்கான விஞ்ஞான பாடம்)



சென்ற ஆண்டு புரட்டாதி மாதத்தில் நம் பாடசாலை மாணவர் சிலருடன் பான் நகரின் ரைனவ் பூங்காவுக்குச் சென்றிருந்தோம். 1979ஆம் ஆண்டுத் தோட்டக் கண்காட்சிக்காக ரைன் நதிக்கரையில் அமைக்கப்பட்ட பூங்கா அது. அங்கே புல்வெளியில் ஒரு மாணவி சிறிய பச்சைத் தத்துவெட்டி ஒன்றைப் பிடித்து வந்து, “சேர், இது ஏன் பறக்கவில்லை?” என்று வினவினாள். அதன் சிறகுகள் வயிற்றின் பாதியளவுக்கே எட்டியிருந்தன. நானும் சற்றும் தயங்காமல், “இது குஞ்சு, பிள்ளை. வளர்ந்ததும் சிறகு நீளும்” என்று விடை பகர்ந்தேன். தாயகத்தில் பல ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தவன் என்ற நம்பிக்கை எனக்கு.

அடுத்த சனிக்கிழமை அவள் ஒரு கண்ணாடிப் போத்தலுடன் வகுப்புக்கு வந்தாள். உள்ளே சிறிது மண்ணும் புல்லும், அதே தத்துவெட்டியும் இருந்தன. மண்ணில் நுரை இறுகினாற்போன்ற சிறு கூடு ஒன்று காணப்பட்டது. அது முட்டைக்கூடு. “குஞ்சு முட்டை இடுமா, சேர்?” என்று அவள் கேட்டபோது என்னிடம் விடை இருக்கவில்லை. நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்பதை அன்றே வகுப்பில் ஒப்புக்கொண்டேன். அதன் பின்னர் நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கு பாடமாகத் தருகின்றேன்.

1. தத்துவெட்டியின் இடம்

நம் முன்னோர் உயிர்களை வகுத்து நோக்கியவர்கள். தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுத்து, நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிர்களாக ஒருங்கே வைக்கின்றது. இன்றைய உயிரியலும் நண்டையும் பூச்சியையும் கணுக்காலிகள் என்னும் ஒரே கணத்தில் வைத்திருப்பது எண்ணி மகிழத்தக்கது. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்களால் அமைந்த பகுப்புகள் என்பதையும் மறத்தலாகாது.

கணுக்காலிகளுள் ஆறு கால்கள் உடையவை பூச்சிகள். பூச்சிகளுள் தத்துவெட்டி சேரும் வருணம் ஓர்தொப்தெரா எனப்படும். நேரிய சிறகுடையவை என்பது இக்கிரேக்கச் சொல்லின் பொருள். உலகில் ஏறத்தாழ 30,000 இனங்கள் இதில் அடங்கும். இவ்வருணம் இரு பிரிவினது. உணர்கொம்பு நூல்போல் நீண்டு, பெரும்பாலும் உடலினும் நெடியதாக இருப்பவை நெடுங்கொம்பின. சிள்வண்டு இவ்வகையது. உணர்கொம்பு குறுகி இருப்பவை குறுங்கொம்பின. நாம் பேசும் தத்துவெட்டிகளும், பெருந்திரளாய்ப் பறந்து பயிரழிக்கும் வெட்டுக்கிளிகளும் இப்பிரிவின.

2. உடலமைப்பு

தத்துவெட்டியின் உடல் தலை, நெஞ்சறை, வயிறு என மூன்று பகுதிகளையுடையது. தலையில் இரு கூட்டுக்கண்களும், கடித்து மெல்லுதற்குரிய வாயுறுப்புகளும் உள்ளன. நெஞ்சறையின் முன்பகுதியைச் சேணம் போன்ற தகடு மூடியிருக்கும். பின்னங்காலின் தொடை பருத்துத் தசை நிறைந்திருத்தலால் அது தத்த வல்லதாகின்றது. செவிப்பறை தலையில் இல்லை. பெரும்பாலான குறுங்கொம்பினங்களில் அது வயிற்றின் முதற் கண்டத்தின் இரு பக்கங்களிலும் உள்ளது.

பறக்கும் இனங்களுக்குச் சிறகுகள் இரண்டு சோடி. முன்சிறகு தடித்துத் தோல்போன்றது, அது காவல். பின்சிறகு மெல்லியது, விசிறிபோல் மடியக்கூடியது. அதுவே பறத்தலுக்கு முதன்மையானது. பறவா இனங்களை இச்சிறகின் நிலைகொண்டு மூன்றாக நோக்கலாம்:

(அ) குறுஞ்சிறகின: முன்சிறகு குறுகி, பின்சிறகு மிகச் சிறுத்திருப்பவை.
(ஆ) எச்சச்சிறகின: பக்கங்களில் சிறு செதில்போல் அடையாளம் மட்டும் உள்ளவை.
(இ) சிறகிலிகள்: சிறகு முற்றாக இல்லாதவை.

ரைனவ் பூங்காவில் அம்மாணவி பிடித்தது முதல் வகையைச் சேர்ந்தது. சூடோகோர்திப்பஸ் பாரலெலஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். ஜேர்மனியின் புல்வெளிகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. ஆணின் முன்சிறகு பெண்ணினதைவிட நீண்டது. ஆண் தன் பின்தொடையிலுள்ள நுண்முளை வரிசையை முன்சிறகில் உரசி ஒலி எழுப்பிப் பெண்ணை அழைக்கும். பறக்க உதவாத சிறகு பாட உதவுகின்றது. அரிதாக இவ்வினத்திலேயே நெடுஞ்சிறகுடையனவும் பிறப்பதுண்டு.

3. குஞ்சா, முதிர்ந்ததா?

நான் தவறிய இடம் இதுவே. ஆதலால் நன்கு கவனிக்கவும். தத்துவெட்டிக்குப் புழுப்பருவமும் கூட்டுப்புழுப்பருவமும் இல்லை. முட்டையிலிருந்து வெளிவரும் அணங்கு தாயின் வடிவையே ஒத்திருக்கும். தோலுரித்துத் தோலுரித்துப் பெரிதாகும். இறுதித் தோலுரிப்பின் பின்னர் சிறகு வளர்வதில்லை.

குறுஞ்சிறகு காணப்படின் மூன்றைப் பார்க்க வேண்டும். முதலாவது, சிறகின் அடுக்கு. வளர்ந்த அணங்கில் சிறகரும்புகள் தலைகீழாகத் திரும்பி, பின்சிறகரும்பு முன்சிறகரும்பின் மேலே படிந்திருக்கும். முதிர்ந்ததில் முன்சிறகே மேலே கிடக்கும். அதில் நரம்புகள் தெளிவாகத் தெரியும். இரண்டாவது, பெண்ணின் வயிற்று நுனி. முதிர்ந்ததில் மண்ணைத் துளைத்து முட்டையிடுதற்கான மடல்கள் கடினமாக இருக்கும். மூன்றாவது, காலம். இந்நாட்டில் இவ்வினம் வசந்தத்தில் பொரித்து, கோடையில் முதிர்ந்து, இலையுதிர்காலத்தில் மடியும். முட்டைகளே மண்ணுள் குளிர்காலத்தைக் கழிக்கும். புரட்டாதியில் கண்டதைக் குஞ்சென்று நான் கூறியது எவ்வளவு அவசரம் என்பது இதனால் விளங்கும்.

4. சிறகின்மை ஒரு குடும்பமன்று

பறவாதவை அனைத்தும் ஒரே குடும்பம் என மாணவர் எண்ணக்கூடும். அது தவறு. அக்ரிடிடே என்னும் குடும்பத்தை நோக்குவோம். 1988ஆம் ஆண்டு ஆபிரிக்காவிலிருந்து அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து கரிபியன் தீவுகளை அடைந்த பாலை வெட்டுக்கிளி இக்குடும்பத்தது. 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட, அல்ப்ஸ் முதலிய மலைகளில் வாழும் பொடிஸ்மா பெடெஸ்திரிஸ் என்னும் பறவா இனமும் இக்குடும்பத்ததே. பெடெஸ்திரிஸ் என்றால் கால்நடையாகச் செல்வது என்று பொருள்.

நம் தாயகப் பக்கத்தில் பறவா இனங்கள் பல பிர்கோமோர்பிடே என்னும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. கூம்பிய தலை இவற்றின் அடையாளம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஓர்தாக்ரிஸ் சாதியினவற்றுக்குச் சிறகில்லை. மெலிந்த உடல் புல்லோடு புல்லாய்த் தோன்றும்.

ஆகவே சிறகின்மை பல குடும்பங்களில் தனித்தனியே தோன்றிய பண்பு. பறத்தற்குரிய தசையை வளர்க்க மிகுந்த சக்தி வேண்டும். உணவும் உறைவிடமும் நிலையாகக் கிடைக்குமிடத்து அச்சக்தியை முட்டைகளுக்குச் செலவிடுவது இலாபம். உறவை அறிய விரும்புவோர் தலையின் வடிவம், முன்னங்கால்களிடையே கழுத்தடியில் முளை உண்டா என்பது, இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பு, இன்று மரபணு ஆகியவற்றை நோக்குவர்.

5. தக்காணத்துச் சோளமும் பறவாப் பூச்சியும்

பறவாப் பூச்சியால் கேடில்லை என்றும் எண்ணவேண்டாம். 1908ஆம் ஆண்டு மைசூர் அரசின் பணியில் சேர்ந்த லெஸ்லி கோல்மன் என்னும் கனடிய அறிஞர், தக்காணத்தில் சோளப்பயிரை அழித்த பூச்சியொன்றை ஆராய்ந்தார். அவர் ஜேர்மனியின் கேட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அப்பூச்சிக்கு எச்சச்சிறகு மட்டுமே. ஆண்டுக்கு ஒரு தலைமுறை. முட்டை மண்ணில் கிடந்து மழை தொடங்கியதும் பொரிக்கும். பறந்து தப்ப இயலாத பூச்சியாதலால், அது முட்டையிட்ட நிலத்தை உழுது கிளறினால் முட்டைகள் வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். பூச்சியைச் சரியாக இனங்காண்பது உழவனின் சோற்றுக்கே உதவுகின்றது.

1910இல் இப்பூச்சிக்குக் கோல்மேனியா ஸ்பெனாரியோய்டஸ் என்று பெயரிட்டவர் ஸ்பெயின் நாட்டு இக்னாசியோ பொலிவார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களை விவரித்த அவர், திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் திரட்டப்பட்ட தத்துவெட்டிகளைப் பற்றியும் 1897 முதல் 1902 வரை தொடர்ந்து எழுதினார். உள்நாட்டுப் போரின் முடிவில், 1939ஆம் ஆண்டு, தமது 89ஆவது வயதிலே அவர் நாட்டைவிட்டு மெக்சிக்கோவில் தஞ்சம் புகுந்தார். அங்கும் ஓய்ந்திருக்கவில்லை, அடுத்த ஆண்டே ஒரு விஞ்ஞான சஞ்சிகையைத் தொடக்கினார். 1944இல் அங்கேயே காலமானார்.

6. நடந்து வந்த பூச்சி

இறுதியாக ஒன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் வட ஐரோப்பாவைப் பனிப்பாறை மூடியிருந்தது. அக்காலத்தில் நம் ரைனவ் தத்துவெட்டியின் இனம் தெற்கே சில இடங்களில் மட்டுமே பிழைத்திருந்தது. அத்தகைய இடங்களை உயிரியலார் புகலிடங்கள் என்பர். கொட்ஃபிரே ஹெவிட் என்னும் ஆங்கில அறிஞரும் அவர் குழுவினரும் 1990களில் மரபணுவை ஆராய்ந்து, ஜேர்மனி, பிரான்ஸ், இங்கிலாந்து ஆகிய நாடுகளில் இன்று வாழும் இவ்வினம் போல்கன் புகலிடத்திலிருந்து பரவியது எனக் கண்டனர். பெரும்பாலும் பறக்கவியலாத ஒரு பூச்சி, தலைமுறை தலைமுறையாகத் தத்தித் தத்தியே கண்டத்தைக் கடந்திருக்கின்றது. இதை வாசித்தபோது என் மனம் சிறிது நேரம் பாடத்தை விட்டு விலகிச் சென்றதை மறைக்க விரும்பவில்லை.

அம்மாணவியும் நானும் முட்டைக்கூட்டை மண்ணோடு கொண்டுபோய் அதே புல்வெளியில் வைத்து வந்தோம்.

பெற்றோர்களே, பிள்ளைகளை அடினவர் வீதியிலுள்ள கோனிக் நூதனசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அலெக்சாந்தர் கோனிக் நிறுவி, 1934இல் திறக்கப்பட்ட விலங்கியல் நூதனசாலை அது. 1948 செப்டெம்பர் முதலாம் திகதி ஜேர்மனியின் அரசியல் சட்டத்தை வரைந்த பேரவையின் தொடக்க விழாவும் அங்கேயே நடைபெற்றது.

பயிற்சி

1. நெடுங்கொம்பினம், குறுங்கொம்பினம்: வேறுபாடு தருக.
2. குறுஞ்சிறகுள்ள முதிர்ந்த தத்துவெட்டியை அணங்கிலிருந்து வேறுபடுத்தும் மூன்று அடையாளங்களை எழுதுக.
3. சிறகின்மையை மட்டும் கொண்டு குடும்பத்தைத் தீர்மானிக்க இயலாதது ஏன்?
4. வரும் ஆடி மாதம் உமது வீட்டருகே ஒரு தத்துவெட்டியைக் கண்டு, படம் வரைந்து, தமிழிலும் ஜேர்மன் மொழியிலும் உறுப்புகளின் பெயர்களைக் குறிக்க. பார்த்த பின் அதை விட்டுவிடுக.

விடையில் ஆசிரியர் பிழைவிட்டிருப்பதாகத் தோன்றினால், போத்தலுடன் வகுப்புக்கு வருக.