முதல் ஓட்டுப் போடும் அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணி,

திருச்செங்கோட்டுச் சாலையில் தனியார் பள்ளிகளின் மஞ்சள் வண்டிகள் வரிசைகட்டிப் போகும் காலை நேரத்தில், உன் வீட்டு வாசலிலும் நாலு கட்சிகளின் நோட்டீஸ் கிடக்கும். எல்லாவற்றிலும் ‘தரமான கல்வி’ என்றுதான் இருக்கும். பணம் எங்கிருந்து வரும், அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, முதலமைச்சரானபின் 1953இல் கிராமத் தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். இருக்கிற கட்டடம், இருக்கிற ஆசிரியர். இரண்டு வேளையாக நடத்தினால் கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் கணக்கு. மீதி நேரத்தில் வீட்டுத் தொழில் பழகட்டும் என்றதும் ‘குலக்கல்வி’ என்று நாடே கொதித்தது. அடுத்த ஆண்டு வந்த காமராஜர் அரசு அதைக் கைவிட்டது. கஜானா அதேதான். ஆனால் புதுப் பள்ளிகள் திறந்தன. 1956இல் மதிய உணவு தொடங்க ஊர் மக்களிடமே கைநீட்டினார்கள்.

இன்றைக்கு வா. நீட் நுழைவுத் தேர்வு வந்தபின் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ இடம் எட்டாக்கனியானது. எடப்பாடி பழனிசாமி அரசு 2020இல் அவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தந்தது. அந்த ஆண்டே பலன் கிடைத்தது. தேர்வே கூடாது என்ற ஸ்டாலின் அரசு 2021இல் விலக்கு மசோதா நிறைவேற்றியது. அது எல்லோருக்குமானது. ஆனால் 1976இல் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போய்விட்டதால் டெல்லியின் சம்மதம் வேண்டும், அது கிடைக்கவில்லை.

பாஜக, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்கிறது. அந்தக் கொள்கையை ஏற்கச் செய்யும் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால், பள்ளிக் கல்விக்கு டெல்லி தரும் 2024-25ஆம் ஆண்டின் சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. கையெழுத்திடுவோம் என்பவரிடம் அந்தக் கொள்கையின் மும்மொழிப் பாடத்துக்கு என்ன பதில் என்று கேள். மாட்டோம் என்பவரிடம் ஆசிரியர் சம்பளத்துக்கு என்ன வழி என்று கேள்.

நாமக்கல் முட்டையைப் பார். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகச் சத்துணவில் சேர்ந்தது, 2010இல் வாரம் ஐந்தானது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. முட்டை தட்டிலேயே இருந்தது. ஆண்டுதோறும் பட்ஜெட்டில் அதற்குப் பணம் வைத்தார்கள்.

உன் ஊர்ப் பள்ளிக்குப் போய், எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி, எந்த வகுப்பறை ஒழுகுகிறது என்று விசாரித்து எழுதிக்கொள். வேட்பாளர் கைகூப்பி வாசலுக்கு வருவார். அந்தத் தாளை அவர் கையில் கொடுத்து, எந்த ஆண்டு பட்ஜெட்டில் இதற்குப் பணம் வைப்பீர்கள் என்று கேள்.

அன்புடன்,
அத்தை