என்ஜின் இல்லாத விமானத்துக்கு வேக பயமா?

என் மகள் புணே ஹடப்சரில் கிளைடர் ஓட்டக் கற்க ஆசைப்படுகிறாள். என்ஜினே இல்லாத அதில், வேகம் மீறினால் இறக்கை ஒடியும் என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகி, ஆரணி

உண்மைதான். ஆனால் அதைத் தடுக்கும் வழிகளும் கிளைடரிலேயே இருக்கின்றன. என்ஜின் இல்லாவிட்டாலும் மூக்கைத் தாழ்த்தினால் போதும், வழவழப்பான உடம்பு மளமளவென வேகம் பிடிக்கும். தெருவில் விரித்த நெசவுப் பாவு பலத்த காற்றில் அதிர்வதுபோல இறக்கையும் அதிரத் தொடங்கினால், ஓரிரு நொடிகளில்கூட ஒடிந்துவிடலாம்.

அதனால்தான் வேகமானியில் சிவப்புக் கோடு. ஏஎஸ்கே-21 என்ற பயிற்சி கிளைடரில் அது மணிக்கு 280 கி.மீ. சோதனையில் பறந்து காட்டிய வேகத்தைவிடக் குறைந்தது பத்து சதவீதம் கீழேதான் அந்தக் கோட்டைப் போடுகிறார்கள். கோட்டுக்குக் கீழே உள்ள மஞ்சள் பகுதியில் காற்று அமைதியாக இருந்தால் மட்டுமே பறக்கலாம். கையசைவும் மென்மையாக இருக்க வேண்டும்.

வேகம் ஏறினால் ஏர்பிரேக்கைத் திறக்க வேண்டும். இறக்கையிலிருந்து தகடுகள் எழுந்து வேகத்தை அடக்கும். பிறகு மூக்கை மெதுவாக உயர்த்த வேண்டும். பதறி வெடுக்கென்று இழுப்பதுதான் ஆபத்து. இதையெல்லாம் கற்றுத்தர, இரட்டை இருக்கை கிளைடரில் பயிற்சியாளரும் கூடவே பறப்பார். தைரியமாக அனுப்புங்கள், அம்மா!